"நல்லாத்தானே ஓடுது சார்!"

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசியவர்கள் செயற்கை நுண்ணறிவு, மேல்படிப்பு, புதிய தொழில் தொடங்குவது என்று பெரிய விஷயங்களைத் தொட்டார்கள். நான் பேசப்போவது ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் பற்றி. "மெக்கானிக்கல் படிச்சவன் வேற என்னத்தப் பேசுவான்" என்று எலக்ட்ரிக்கல் நண்பர்கள் சிரிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். கதையின் முடிவு உங்கள் துறைக்குள்தான் வருகிறது.

2017-ல் என் வீடு தாம்பரத்தில், வேலை ஒரகடத்தில். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் தினமும் போக வர வேண்டும். 150 சி.சி. கார்புரேட்டர் வண்டி, ஐந்து வருடம் ஓடியது. அந்தக் கோடையில் அதற்கு ஒரு வியாதி வந்தது. காலையில் ஒரே கிக்கில் எடுக்கும். இருபது, இருபத்தைந்து நிமிடம் ராஜா மாதிரி ஓடும். பிறகு பட்டென்று நின்றுவிடும். கால் மணி நேரம் ஓரங்கட்டி நின்றால், ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஸ்டார்ட் ஆகும்.

அந்தச் சாலையை அறிந்தவர்களுக்குத் தெரியும், கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலை அது. ஒருநாள் இரவு, என் மனைவி பின்னால் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு அப்போது ஏழாவது மாதம், நடுப்பாதையில் இன்ஜின் நின்றது. பின்னால் வந்த லாரிக்காரர் புண்ணியவான், பிரேக் போட்டார். ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். என் மனைவி கத்தவில்லை. மெதுவாக ஒன்றுதான் கேட்டார்: "என்னங்க, நீங்க என்ஜினியருக்குத்தானே படிச்சீங்க?" நம் பல்கலைக்கழகம் எந்த வைவாவிலும் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை.

அதற்குள் வண்டி மூன்று கடை ஏறி இறங்கியிருந்தது. முதல் கடையில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, புது பிளக் போட்டார்கள். ஐந்நூற்றுச் சொச்சம். இரண்டாவது கடையில் சி.டி.ஐ. பெட்டியை மாற்றினார்கள். ஆயிரத்து நானூறு. மூன்றாவது, பளபளவென்று கண்ணாடி போட்ட சர்வீஸ் சென்டர். அங்கே வண்டியைத் தொடுபவரிடம் நாம் பேச முடியாது. இடையில் ஒருவர் ஜாப் கார்டில் "மிஸ்ஸிங் கம்ப்ளைண்ட்" என்று இரண்டு வார்த்தையில் நம் துயரத்தை எழுதிக்கொள்வார். மாலையில் தண்ணீர் சர்வீஸ் செய்து, மினுமினுக்க வைத்துத் தந்தார்கள். மறுநாள் அதே இடத்தில் நின்றது. திரும்பப் போனபோது, "இன்ஜின இறக்கணும் சார், போர் பண்ணி, பிஸ்டன், ரிங் எல்லாம் மாத்திட்டா சரியாயிடும், ஒன்பதாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார்கள்.

மூன்று கடையிலும் ஒரு வாக்கியம் மட்டும் மாறவில்லை: "நல்லாத்தானே ஓடுது சார்!" அவர்கள் பொய் சொல்லவில்லை. கடையிலிருந்து இரண்டு தெரு சுற்றி வருவார்கள், ஐந்து நிமிடம். வியாதியோ இருபதாவது நிமிடத்தில்தான் வரும். டாக்டரிடம் போகும்போது மட்டும் காய்ச்சல் இறங்கிவிடுகிற பிள்ளை மாதிரி.

இனி நாம் படித்த படிப்புக்கு வருகிறேன். நம் வெப்பப் பொறியியல் ஆய்வகத்தில் மோர்ஸ் டெஸ்ட் செய்தது நினைவிருக்கிறதா? நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டராக இயக்கத்தை நிறுத்தி, வேகத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, பவர் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்போம். ரெக்கார்டு நோட்டில் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதியவர்களும் இங்கே உண்டு, பெயர் சொல்ல மாட்டேன். அந்தச் சோதனையின் சாரம் ஒன்றே ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, பிறகு அளந்து பார். கடைகளில் நடந்தது இதற்கு நேர் எதிர். ஒரே நாளில் மூன்றை மாற்றினார்கள், எதையும் அளக்கவில்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். வண்டி எப்போது நின்றது, எத்தனை நிமிடம் ஓடியபின், வெயிலா மழையா, நிற்கும்போது எப்படி நின்றது என்று இரண்டு வாரம் எழுதினேன். மதிய வெயிலில் பதினெட்டு நிமிடம். காலையில் இருபத்தைந்து. நல்ல மழையில் ஒரகடம் வரை நிற்காமல் வந்தது. ஆக, சூடுதான் இதன் தூண்டுகோல்.

அடுத்து, எப்படி நிற்கிறது? மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். பெட்ரோல் வராமல் நிற்கும் வண்டி தடுமாறும், இழுவை குறையும், திணறித் திணறி நிற்கும். சோக் இழுத்தால் சில நொடி உயிர் வரும். ஸ்பார்க் போய் நிற்கும் வண்டி சுவிட்சை அணைத்தது போல நிற்கும். என் வண்டி இரண்டாவது ரகம். ஹார்ன் அடித்தது, இண்டிகேட்டர் எரிந்தது. அதனால் பேட்டரியும் குற்றவாளி இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருமுனையில் ஒற்றை ஷட்டர் கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். "அண்ணே, நீங்க எதையும் கழட்ட வேணாம். வண்டி நிக்கிற வரைக்கும் என்கூட வாங்க. உங்க நேரத்துக்கு இருநூத்தம்பது ரூபாய் தர்றேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சார், சும்மா கூட வர்றதுக்கு இதுவரைக்கும் யாரும் காசு குடுத்ததில்ல" என்றார். இந்த வாக்கியத்தை மனதில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

படப்பை தாண்டி வண்டி நின்றது. இன்ஜினில் இருந்த பிளக்கைக் கழற்றாமல், கையில் கொண்டு போன வேறொரு பிளக்கைக் கேப்பில் மாட்டி, இன்ஜின் உடம்பில் ஒட்ட வைத்து, கிக்கர் உதைத்தோம். பொறி இல்லை. பிறகு கார்புரேட்டர் அடியிலிருக்கும் டிரெயின் ஸ்க்ரூவை லேசாகத் தளர்த்தினால் பெட்ரோல் தாராளமாக வந்தது. (வரிசையைக் கவனியுங்கள்: முதலில் பொறி, பிறகு பெட்ரோல். மாற்றிச் செய்தால் வண்டியோடு நாமும் சூடாகிவிடுவோம்.)

பிளக்கும் சி.டி.ஐ.யும் புதியவை. மீதி இருப்பது ஹெச்.டி. காயில், மேக்னெட் மூடிக்குள் இருக்கும் பிக்கப் காயில், ஒயர்கள், சுவிட்சுகள். முந்நூற்றைம்பது ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று என் பையில் இருந்தது. பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று சி.டி.ஐ.க்குச் சொல்வது பிக்கப் காயில்தான். அது சொன்னால்தான் பொறி. வண்டி ஆறியிருந்தபோது வீட்டிலேயே அளந்திருந்தேன்: 210 ஓம். கையேட்டில் சொன்ன அளவுக்குள்தான் இருந்தது. தாமிரத்தின் மின்தடை ஒரு டிகிரி சூட்டுக்குச் சுமார் 0.39 சதவீதம் ஏறும் என்று எலக்ட்ரிக்கல் துறையார் நமக்குக் கற்பித்தார்கள். 60 டிகிரி ஏறினால் 260 ஓம் அருகில் காட்ட வேண்டும். மீட்டரை வைத்தோம். 260 இல்லை, எதுவுமே இல்லை. ஓப்பன் சர்க்யூட்.

மீட்டரை மாட்டியபடியே விட்டு, ரோட்டோர டீக்கடையில் டீ குடித்தோம். பதினேழாவது நிமிடம், திரையில் எண் குதித்து வந்தது: 238. அண்ணன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "சார், இது உள்ளுக்குள்ள அறுந்து, சூட்டுல விலகி, ஆறினா ஒட்டிக்குது!" என்றார். முடியை விட மெல்லிய கம்பி ஒன்று. சூட்டில் விரிந்து பிரிகிறது, ஆறினால் தொட்டுக்கொள்கிறது. இதற்குத்தான் இன்ஜினை இறக்கிப் போர் பண்ணச் சொன்னார்கள். காயில் நானூற்று எண்பது ரூபாய், மாட்டும் கூலி இருநூற்றைம்பது. அந்த வண்டியை இன்றும் என் தம்பி ஓட்டுகிறான்.

நண்பர்களே, மெக்கானிக்குகளைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஏன் இப்படி நடக்கிறது என்று யோசித்தால் நியாயம் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஆயிரத்து நானூறு ரூபாய்ப் பெட்டியை மாற்றினால் நாம் பேரம் பேசாமல் தருகிறோம். "ஒரு மணி நேரம் பார்த்தேன், இன்ன கோளாறு, இருநூறு குடுங்க" என்றால், "சும்மா பாத்ததுக்கா?" என்று சண்டைக்குப் போகிறோம். மூளைக்குக் காசு இல்லை, பொருளுக்குத்தான் காசு என்று நாமே விலைப்பட்டியல் எழுதி வைத்துவிட்டோம். அவர் பொருளை மாற்றிப் பிழைக்கிறார். மேலும் ஒயரிங் வரைபடமும் கையேடும் தெருமுனைக் கடைக்கு லேசில் கிடைப்பதில்லை. அண்ணன் என்ன செய்வார்?

இதன் வலி நமக்கு எரிச்சல், சிலருக்கு வயிறு. சில மாதம் கழித்து அதே கடையில், உணவு டெலிவரி செய்யும் ஒரு தம்பியைப் பார்த்தேன். வண்டி அரை மணிக்கொருமுறை திணறி நிற்கிறது. வேறொரு கடையில் இன்ஜின் வேலை எட்டாயிரம் என்று சொல்லி, வட்டிக்குக் கடன் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் அவரை உட்கார வைத்து, "தம்பி, வண்டி எப்படி நிக்குது, அதச் சொல்லு" என்று கேட்டார். எனக்கு மனசு நிறைந்தது. திணறி நின்றதால் பெட்ரோல் பக்கம் பார்த்தார். நின்றவுடன் டேங்க் மூடியைத் திறந்தால் "உஸ்" என்று காற்று உள்ளே போனது, வண்டி உடனே எடுத்தது. மூடியில் இருக்கும் காற்றுத் துளை தூசியும் பாலிஷும் சேர்ந்து அடைத்திருந்தது. காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் எப்படி இறங்கும்? ஒரு ஊசி, ஒரு ஊது. அந்தத் தம்பியின் ஒரு மாதச் சம்பாத்தியத்தில் பாதி தப்பியது.

ஆகவே வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான்கு வார்த்தை:

1. கோளாறை எழுதி வையுங்கள். எத்தனை நிமிடம், சூடா குளிரா, பட்டென்றா திணறியா.

2. கடையில் நோயைச் சொல்லுங்கள், மருந்தைச் சொல்லாதீர்கள். "கார்புரேட்டர் கிளீன் பண்ணுங்க" என்றால் அதைத்தான் செய்வார்கள்.

3. ஒரு நேரத்தில் ஒரு பொருள். பழையதைத் திருப்பிக் கேளுங்கள். "அளந்து பார்த்தீங்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். இன்ஜினை இறக்கச் சொன்னால், கம்ப்ரெஷன் பார்த்தார்களா, வால்வ் செட்டிங் பார்த்தார்களா என்று கேட்டுவிட்டு இறக்குங்கள்.

4. கண்டுபிடித்ததற்குக் காசு கொடுங்கள்.

"இதெல்லாம் கார்புரேட்டர் காலத்துக் கதை அண்ணா" என்று தம்பிகள் சொல்லலாம். உண்மைதான். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 வந்தபின் பெரும்பாலான புது மோட்டார் சைக்கிள்களில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது, மீட்டரில் எச்சரிக்கை விளக்கும் எரிகிறது. ஆனால் பிக்கப் காயில் செய்த வேலையை இப்போது கிராங்க் சென்ஸார் செய்கிறது. சூட்டில் அது பேச மறந்தால் பொறியும் நிற்கும், பெட்ரோலும் நிற்கும். ஸ்கேனரில் வரும் கோடு எந்தத் தெரு என்று சொல்லும். எந்த வீடு என்று அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சென்ஸார் கெட்டதா, ஒயர் அறுந்ததா, கனெக்டரில் பச்சை பூத்ததா என்பதைப் பார்க்க இன்றும் மீட்டரும் பொறுமையும்தான் வேண்டும். அதைச் செய்யாவிட்டால், அன்று ஆயிரத்து நானூறுக்கு மாற்றிய பெட்டியை இன்று பல மடங்கு விலைக்கு மாற்றுவார்கள், அவ்வளவுதான்.

முடிக்கும் முன் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை நம் ஆய்வகத்தின் கதவைத் திறந்து வைப்போம். கல்லூரியைச் சுற்றி இருக்கும் மெக்கானிக் கடைக்காரர்களை அழைப்போம், விருந்தாளியாக. கையால் தொட்டே கோளாறு சொல்லும் வித்தையை அவர்கள் நம் மாணவர்களுக்குச் சொல்லித் தரட்டும். மீட்டர் பிடிக்கவும் ஒயரிங் வரைபடம் படிக்கவும் மாணவர்கள் அவர்களுக்குச் சொல்லித் தரட்டும். தீராத கோளாறு உள்ள வண்டிகளை ஊர்க்காரர்கள் கொண்டு வரட்டும். மல்டிமீட்டர் பத்து, ஃபீலர் கேஜ் பத்து செட், இரண்டும் என் செலவு. முதல் சனிக்கிழமை நானே வருகிறேன், எங்கள் தெருமுனை அண்ணனையும் அழைத்து வருகிறேன். முதல்வர் அவர்கள் தலையசைப்பதைப் பார்க்கிறேன். மாணவர்கள் சாட்சி.

சாப்பாட்டு நேரத்தில் வண்டிக் கோளாறு கேட்க வருபவர்கள், எத்தனையாவது நிமிடத்தில் நிற்கிறது என்ற விவரத்தோடு வரவும்.