வேகப் படகும் அதன் சுழல்விசிறியும்

(சங்கத்தின் இளைஞர் அரங்கில் நிகழ்த்திய உரை)



தொழிற்பயிற்சி நிலையத்திலும் பாலிடெக்னிக்கிலும் பயிலும் நம் பிள்ளைகளுக்குப் பயன்படும் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். அதிவேகப் படகுக்கு ஏற்ற புரொப்பெல்லரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பேசப்போகிறோம் என்றதும் அவர் சற்றே திகைத்தார். வரலாறு படித்துப் பட்டம் பெற்ற ஒரு தலைமையாசிரியருக்கும் வேகப் படகுக்கும் என்ன உறவு என்று நீங்களும் எண்ணக்கூடும். அதைச் சொல்லிவிடுகிறோம்.

நம் பள்ளியில் பயின்ற மாணவர் ஒருவர் வளைகுடா நாடொன்றில் படகுப் பட்டறையில் உதவியாளராக இருக்கிறார். ஒரு நாள் இரவு தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, ஒரு கணக்கு. படகின் உரிமையாளர் இன்னும் வேகம் வேண்டும் என்கிறார். இப்போது 21 அங்குலப் புரொப்பெல்லர் இருக்கிறது. 23 அங்குலம் மாட்டு என்கிறார். மேஸ்திரியும் சரி என்கிறார். எனக்கு மட்டும் அது தவறு என்று படுகிறது. ஆனால் கணக்குப் போட்டால் அவர்கள் சொல்வதே சரியாக வருகிறதே!" என்றார். நமக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று ஒப்புக்கொண்டு ஒரு வாரம் தவணை கேட்டோம். அந்த ஒரு வாரத்தில் படித்தவையும், பின்னர்த் தெரிந்துகொண்டவையுமே இவ்வுரை. புரொப்பெல்லரை இனிச் சுழல்விசிறி என்றே வழங்குவோம்.

ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியைக் கையாண்டிருப்பீர்கள். அதன் தலையை ஒரு முழுச்சுற்றுச் சுற்றினால் திருகு எவ்வளவு முன்னேறுகிறதோ, அதுவே புரியிடைத் தூரம். சுழல்விசிறியும் ஒரு திருகே. மரத்தில் இறங்கும் திருகாணி போல அது நீரில் இறங்குகிறது. 21 அங்குலம் என்பது விசிறியின் விட்டமன்று. சிறிதும் நழுவாமல் சுழன்றால் ஒரு சுற்றில் அது முன்னேறக்கூடிய தூரம். விசிறியின் குடத்தில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முன்னது விட்டம், பின்னது புரியிடைத் தூரம். வேகப் படகுக்காரர்கள் விசிறியை எண் சொல்லிக் குறிப்பிடும்போது பெரும்பாலும் பின்னதையே சொல்வார்கள்.

இனி மாணவர் போட்ட கணக்கைப் பார்ப்போம். அந்தப் படகின் எஞ்சின் நிமிடத்துக்கு 5,400 சுற்றுகள் சுற்றியது. எஞ்சினுக்கும் விசிறிக்கும் இடையிலுள்ள பல்சக்கரங்களின் விகிதம் 1.75. அதாவது எஞ்சின் ஒன்றேமுக்கால் சுற்றுச் சுற்றினால் விசிறி ஒரு சுற்றுச் சுற்றும். 21ஐ 1.75 ஆல் வகுத்தால் சரியாக 12 வருகிறது. ஆகவே எஞ்சினின் ஒவ்வொரு சுற்றுக்கும் படகு ஓர் அடி முன்னேற வேண்டும். நிமிடத்துக்கு 5,400 அடி. மணிக்கு 3,24,000 அடி. மைலாக்கினால் ஏறத்தாழ 61.4 மைல். ஆனால் செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவி காட்டிய வேகம் 54 மைலே. இடையில் காணாமற்போன ஏழு மைலும் சொச்சமும் நழுவலில் போயிற்று. நூற்றுக்குப் 12 பங்கு நழுவல். நீர் மரமன்று, ஆகவே நழுவல் அறவே இல்லாத விசிறியும் இல்லை. நல்ல வேகப் படகில் அது நூற்றுக்குப் பத்தை ஒட்டி இருந்தால் பழுதில்லை.

இக்கணக்கின்படி 21க்குப் பதில் 23 போட்டால் வேகம் கூடத்தானே வேண்டும்? கூடும், எஞ்சின் அதே 5,400 சுற்றுகளைச் சுற்றினால்! பிழை அங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஏற்காட்டு மலைப்பாதையின் கொண்டையூசி வளைவில் ஓட்டுநர் பேருந்தை மேல் கியரில் வைத்தால் என்ன ஆகும்? சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு எஞ்சின் குறைவாகச் சுற்றினால் போதும் என்பது கணக்கு. ஆனால் எஞ்சின் திணறி, முனகி, நின்றே போகும். புரியிடைத் தூரத்தைக் கூட்டுவதும் அத்தகையதே. பொதுவாக ஓர் அங்குலம் கூட்டினால் எஞ்சினின் உச்சச் சுற்று 150 முதல் 200 வரை குறையும். ஓர் அங்குலம் குறைத்தால் அவ்வளவே கூடும். இந்த ஒரு விதியை மட்டும் நினைவில் இருத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்தது எனலாம்.

பெரியதே சிறந்தது என்ற எண்ணம் அந்த உரிமையாளருக்கு மட்டும் உரியதன்று. வரலாற்று ஆசிரியன் என்ற உரிமையில் இரண்டு செய்திகளைச் சொல்ல விடுங்கள். பிரான்சிஸ் பெட்டிட் சுமித் என்ற ஆங்கிலேயர் 1836இல் கப்பலை உந்தும் திருகுக்குக் காப்புரிமை பெற்றார். அவர் செய்தது இரண்டு முழுப் புரிகள் கொண்ட நீண்ட மரத்திருகு. 1837இல் இலண்டன் பாடிங்டன் கால்வாயில் படகை ஓட்டிப் பார்த்தபோது திருகு எதிலோ மோதி ஏறத்தாழப் பாதி உடைந்து போயிற்று. படகு நின்றுவிடும் என்று எண்ணியவர்கள் வியக்கும்படி அது முன்னிலும் விரைந்து ஓடியது. திருகின் நீளம் கூடினால் உந்துதல் கூடும் என்ற கருத்து அன்றே உடைந்தது.

மற்றொன்று சார்லசு பார்சன்சு என்ற பொறியாளரைப் பற்றியது. நீராவிச் சுழலியைக் கண்டவர் அவர். அதன் ஆற்றலைக் காட்டுவதற்காக 'டர்பீனியா' என்ற படகைக் கட்டி 1894இல் நீரில் இறக்கினார். நீளம் 100 அடிக்குச் சற்று மேல். எஞ்சினில் ஆற்றல் இருந்தது. விசிறியும் வெறிகொண்டு சுழன்றது. படகு மட்டும் மணிக்கு 20 கடல் மைலைத் தாண்டவில்லை. விசிறியை மாற்றி மாற்றிப் பார்த்தும் பயனில்லை. மற்றவராயின் எஞ்சினைக் குறை கூறியிருப்பார். பார்சன்சு ஒரு சிறு நீர்த்தொட்டியை அமைத்து, அதனுள் இரண்டு அங்குல விசிறி ஒன்றைச் சுழலவிட்டு, விட்டுவிட்டு ஒளிரும் விளக்கின் துணையால் அதன் இதழ்களை உற்று நோக்கினார். அப்போது உண்மை வெளிப்பட்டது. இதழ் மிக விரைந்து சுழலும்போது அதன் முதுகுப்புறத்தில் அழுத்தம் மிகவும் தாழ்ந்து, சூடேறாமலே நீர் ஆவியாகிக் குமிழிகள் தோன்றுகின்றன. விசிறி நீரைப் பற்றாமல் குமிழியைப் பற்றுகிறது. இதனையே கேவிட்டேஷன் என்பர். அக்குமிழிகள் உடையும்போது உலோகத்தையே அரித்துக் குழி பறிக்கும். பார்சன்சு பளுவைப் பகிர்ந்தளித்தார். ஓர் அச்சுக்குப் பதில் மூன்று அச்சுகள், அச்சுக்கு மூன்றாக ஒன்பது விசிறிகள். டர்பீனியா 34 கடல் மைலைக் கடந்தது. 1897இல் விக்டோரியா அரசியின் வைரவிழாக் கடற்படை அணிவகுப்பில் போர்க்கப்பல்களுக்கிடையே புகுந்து ஓடி எல்லோரையும் வாய் பிளக்க வைத்தது. நியூகாசில் நகர அருங்காட்சியகத்தில் அப்படகை இன்றும் வைத்திருக்கிறார்கள்.

பந்தயப் படகுகளின் கதை வேறு. குமிழியைத் தவிர்க்க இயலாத வேகத்தில் அவை விசிறியின் பாதியை நீருக்கு வெளியிலேயே விட்டுவிடுகின்றன. ஒவ்வோர் இதழும் நீரில் இறங்கும்போது தன்னுடன் காற்றையும் இழுத்துச் செல்வதால், இதழின் முதுகில் ஆவிக்குப் பதில் காற்று நிரம்புகிறது, அரிப்பு இல்லை. விசிறியின் குடமும் அச்சும் நீருக்கு மேலே வந்துவிடுவதால் இழுவையும் குறைகிறது. 1950 சூன் 26 அன்று அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து வாசிங்டன் ஏரியில் 'சுலோ-மோ-சன் 4' என்ற படகு இம்முறையில் மணிக்கு 160 மைலைக் கடந்து, 1939 முதல் நிலைத்திருந்த மால்கம் கேம்பலின் 141 மைல் சாதனையை முறியடித்தது. மெதுவாக ஓடும்போது இத்தகைய விசிறி நீரைப் பற்றாது திணறும் என்பதையும் கூறிவிட வேண்டும். குடும்பத்தோடு ஏறிச் செல்லும் படகுக்கு அது பொருந்தாது.

நம் மாணவரிடம் திரும்புவோம். எந்த விசிறி வேண்டும் என்று விசிறியைப் பார்த்துச் சொல்ல முடியாது. எஞ்சினைக் கேட்டுத்தான் சொல்ல முடியும். ஒவ்வோர் எஞ்சினுக்கும், முழு விசையில் அது எத்தனை சுற்றுகளுக்குள் ஓட வேண்டும் என்று உற்பத்தியாளர் கையேட்டில் வரையறுத்திருப்பார். அந்த எஞ்சினுக்கு 5,500 முதல் 6,000 வரை. அதுவோ 21 அங்குல விசிறியிலேயே 5,400இல் நின்றுவிட்டது. அதாவது ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்தது. 23 போட்டால் 5,000 அளவுக்கு இறங்கியிருக்கும். வேகமும் கூடியிராது. முழு விசையைத் திறந்துவிட்டுச் சுற்றைக் கீழே பிடித்து வைத்தால் உள்ளே வெப்பமும் அழுத்தமும் மிகுந்து, எரிபொருள் நெறிதவறி வெடிக்கும். பிஸ்டன் உருகித் துளை விழுந்த எஞ்சின்களும் உண்டு. வரையறைக்கு மேலே சுற்றவிடுவதும் தீதே. புதிய எஞ்சின்கள் அவ்வாறு சுற்றும்போது தாமே விசையைக் குறைத்துக்கொள்ளும், பழையவை குறைத்துக்கொள்ளா.

ஆனால் அளப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. படகின் அடிப்புறத்தில் பாசியும் சிப்பியும் படிந்திருந்தால் எந்த விசிறியும் தோற்கும். இதழில் சிறு நெளிவு இருந்தாலும் கணக்குப் பொய்க்கும். வழக்கமாக ஏறும் ஆள்கள், வழக்கமான எரிபொருள் ஆகியவற்றோடுதான் ஓட்டிப் பார்க்க வேண்டும். தனியாளாக ஓட்டிக் கண்ட எண் ஆறு பேர் ஏறும்போது உதவாது. காற்றையும் நீரோட்டத்தையும் ஈடுகட்ட எதிரெதிர்த் திசைகளில் இரு முறை ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும். விசை நிறுத்தும் கயிற்றை ஓட்டுநர் தம் உடலோடு மாட்டிக்கொள்ளாமல் இச்சோதனையைத் தொடங்கவே கூடாது. ஓட்டுநர் தவறி விழுந்த படகு வட்டமிட்டுத் திரும்பி வந்து அவரையே விசிறியால் வெட்டிய நிகழ்ச்சிகள் பல. பட்டறையில் விசிறியைக் கழற்றும்போது சாவி எஞ்சினில் இருக்கக் கூடாது. உங்கள் சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

வேறொரு காரணமும் உண்டு. அதைக் கண்டபோது நமக்கே மகிழ்ச்சியாயிற்று. வெப்பமும் ஈரமும் மிகுந்த காற்றில் எஞ்சினுக்கு உயிர்க்காற்று குறைவாகக் கிடைக்கிறது, ஆற்றல் குறைகிறது. குளிர்காலத்தில் சரியாக இருந்த விசிறி, வளைகுடாவின் ஆகசுடு மாதத்தில் மிகையாகிவிடும். விசிறி மாறவில்லை, படகு மாறவில்லை, காற்று மாறிவிட்டது!

இதழ்களின் எண்ணிக்கை பற்றியும் கேட்பீர்கள். மூன்று இதழ் பொதுவாக உச்ச வேகத்துக்கு நல்லது. நான்கு இதழ் நீரை இறுகப் பற்றும். பளுவோடு படகு விரைந்து நீர்மேல் எழும்ப உதவும். உச்ச வேகத்தில் சிறிது இழப்பு இருக்கும். அலுமினியம் மலிவு, பாறையில் மோதினால் தான் வளைந்து பல்சக்கரங்களைப் பெரும்பாலும் காப்பாற்றும். துருப்பிடிக்காத எஃகை மெல்லிய இதழாக வார்க்கலாம்; வேகத்தில் அது நெகிழாது. ஆகவே வேகப் படகுக்கு எஃகே ஏற்றது, பணம் இருந்தால்.

இவற்றையெல்லாம் நாம் சொல்லி முடிப்பதற்குள் மாணவர் பாதியைத் தாமே கண்டுபிடித்துவிட்டார். மேஸ்திரியிடம் வாதாடவில்லை, ஒரு தாளில் 5,400, 1.75, 21, 54 என்ற எண்களை எழுதிக் காட்டி, 19 அங்குல விசிறி ஒன்றை ஒரு நாள் கடனாக மாட்டிப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறார். மேஸ்திரி சிரித்தாராம், ஆனாலும் இசைந்தார். அதே ஆள்கள், அதே எரிபொருள். எஞ்சின் 5,800 சுற்றியது. வேகம் 53 மைல். நழுவல் நூற்றுக்குப் 11. ஒரு மைல் குறைந்துவிட்டதே என்று உரிமையாளர் முகம் சுளித்தார். பிறகு குடும்பத்தாரை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்த்தார். முன்பு படகு நெடுநேரம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நீரை உழும். இப்போதோ விசையைத் திறந்ததும் எழும்பி ஓடியது. முழுப் பளுவிலும் 5,550க்குக் கீழே இறங்கவில்லை. அன்று மாலையே 19ஐ விலைக்கு வாங்கிக்கொண்டார்.

பழைய 21 அங்குல விசிறியை விற்றுவிடலாமா என்று அவர் கேட்டதற்கு, வேண்டாம் என்று நம் மாணவர் தடுத்தாராம். திசம்பர் மாதத்தில், காற்றுக் குளிர்ந்து, உரிமையாளர் ஒருவர் மட்டும் அரைத் தொட்டி எரிபொருளோடு போகும் நாளில் அதை மாட்டி மீண்டும் அளந்து பார்க்கலாம் என்பது அவர் கருத்து. இப்போது அது எண்ணெய் பூசப்பட்டுப் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. அதன் கீழே அந்தக் கணக்குத் தாளையும் மேஸ்திரி ஒட்டி வைத்திருக்கிறாராம்.