கல்லறை இல்லாத துக்கம்



கல்லறைத் திருநாளன்று நாம் புல் செதுக்கி, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றி, இறந்தோரைப் பெயர் சொல்லிச் செபிக்கிறோம். ஆனால், போய் நிற்கக் கல்லறையே இல்லாத வீடுகள் நம் கடற்கரை ஊர்களில் உண்டு. 2017 நவம்பர் 30-ஆம் நாள் வீசிய ஒக்கி புயலில், ஆழ்கடலுக்குப் போன நம் சகோதரர்கள் பலருடைய உடல் கரை சேரவில்லை. "நான் எங்க போயி திரி கொளுத்த, ஃபாதர்?" என்று ஒரு தாய் கேட்டபோது நம்மிடம் பதில் இல்லை.

இஸ்ரயேல் மக்களுக்கு அடக்கம் என்பது பெரிய கடமை. சாராவை அடக்கம் செய்ய ஆபிரகாம் 400 செக்கேல் வெள்ளி கொடுத்து மக்பேலா குகையை வாங்கினார். மரத்தில் தொங்கவிடப்பட்ட குற்றவாளியைக்கூட அன்றே புதைக்கச் சொல்கிறது இணைச்சட்டம். ஆடையைக் கிழித்து, சாக்கு உடுத்தி அழுதார்கள். ஒப்பாரி வைக்கப் பெண்களை அழைத்தார்கள். இறந்தவருக்காக ஏழு நாள் துக்கம் என்கிறது சீராக்கின் ஞானம். ஆரோனுக்கும் மோசேக்கும் 30 நாள் அழுதார்கள். நம்முடைய ஏழாம் நாள், முப்பதாம் நாள் திருப்பலிகள் நினைவுக்கு வருகின்றன அல்லவா?

யாக்கோபுக்கு இந்த நாள் கணக்கு உதவவில்லை. யோசேப்பின் உடல் வரவில்லை. இரத்தம் தோய்ந்த அங்கி மட்டுமே வந்தது. பிள்ளைகள் எல்லாரும் தேற்றியும் அவர் ஆறுதல் பெற மறுத்தார். அதற்காகத் திருவிவிலியம் அவரைக் குறை சொல்லவில்லை. பின்னாளில் அவருக்கு மகன் உயிரோடு கிடைத்தான். அந்தத் தாய்க்கு அப்படி ஒரு வாக்கு நம்மால் கொடுக்க முடியாது. ஆனால், கடலும் தன்னிடம் உள்ள இறந்தோரை ஒருநாள் ஒப்படைக்கும் என்கிறது திருவெளிப்பாடு. கடலுக்கு அடியில் கிடப்பவர் நமக்குத்தான் மறைவு. ஆண்டவருக்கு மறைவு அல்ல.

அதுவரை நாம் என்ன செய்வது? யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அதுதான். பேசத் தொடங்கியபோதுதான் தவறினார்கள். "நிவாரணப் பணம்தான் கிடைச்சாச்சே, இன்னும் என்ன அழுகை?" என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்!

இந்தக் கல்லறைத் திருநாளில் அத்தகைய வீடு ஒன்றுக்குப் போவோம். அறிவுரை வேண்டாம், கூட இருந்தால் போதும். பிறகு அவர்களை அழைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துச் சிலுவையடியில் ஒரு திரி ஏற்றி, கடலில் போனவரின் பெயரை உரக்கச் சொல்லிச் செபிப்போம்.

இறந்த விசுவாசிகளின் ஆன்மாக்கள் இறை இரக்கத்தில் இளைப்பாறுவதாக. ஆமென்.