வாவிக்கரையும் ஒரு வகுப்பறையே



நம்மில் ஆசிரியைகளானோர் பலர். ஆதலால் இந்த நூற்றாண்டு வேளையில், சின்னஞ்சிறு வகுப்புகளில் விஞ்ஞானம் கற்பிக்கப் போகிறவர்களைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம்.

ஆரம்பப் பிரிவில் உயிரியல் தனிப்பாடமன்று. ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்ற பாடத்தினுள்ளேதான் செடியும் பூச்சியும் மீனும் வருகின்றன. உயர்தரத்தில் கலைப்பிரிவில் கற்று, தாளங்குடாவிலுள்ள தேசிய கல்வியியற் கல்லூரிக்குப் பயிற்சிக்குச் செல்லும் பிள்ளைக்கு விஞ்ஞானம் என்றதும் ஒரு தயக்கம். தயங்குபவர் புத்தகத்தையே பிடித்துக்கொள்வார்.

பஞ்சிலே பயறு முளைக்கவைப்பதை எல்லோரும் செய்கிறோம். நல்லதுதான். ஆனால் கண்டலின் வித்து தாய்மரத்திலேயே முளைத்து நீளமாகத் தொங்குவதை வாவிக்கரையில் காட்டலாமே! கண்ணா மரத்தின் வேர்கள் சேற்றுக்கு மேலே ஏன் நிமிர்ந்து நிற்கின்றன? சேற்றில் ஒட்சிசன் குறைவு. அவை காற்றைத் தேடி வருகின்றன. தில்லைப்பால் கண்ணில் படக்கூடாது என்பது மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு முன்பே தெரியும். ஆசிரியைக்கு அது தெரியாதென்றால், அந்தப் பிள்ளை தன் அறிவு பாடமல்ல என்று எண்ணிவிடும். நாம் இழப்பது அங்கேதான்.

ஆகவே பயிற்சியிலேயே கரைக்குச் செல்ல வேண்டும்: முதலில் பார்த்தல், பிறகு வரைதல், கேள்வி கேட்டல், அதன்பின் புத்தகம். ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியைகள் கூடச் செல்லலாம். தூரத்திலுள்ள சகோதரிகள் கைவில்லைகளுக்கும் பயணச் செலவுக்கும் உதவலாம். இதைச் சங்கத்தின் அடுத்த நூற்றாண்டின் முதற்பணியாக முன்மொழிகிறோம்.