பக்கவாதமும் வெள்ளை அணுக்களும்
(ஆலய ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பக்கவாதம் கண்டவரை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும், இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பெரும்பாலும் நாலரை மணி நேரத்திற்குள் போட வேண்டும் என்பதெல்லாம் இங்குப் பலமுறை சொல்லப்பட்டதே. அதற்குப் பின் வரும் நாள்களைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

இரத்தம் எட்டாத மூளைப் பகுதி மடியத் தொடங்கியதும், மூளையிலேயே காவலிருக்கும் மைக்ரோகிளியா அணுக்கள் முதலில் விழித்துக்கொள்கின்றன. சில மணி நேரத்தில் நியூட்ரோபில் என்னும் வெள்ளை அணுக்கள் இரத்தக்குழாய்ச் சுவரைக் கடந்து நுழைகின்றன. கிருமியே இல்லாத இடத்தில் கிருமிக்கொல்லிப் பொருள்களைக் கொட்டி, பிழைத்திருக்கக்கூடிய பகுதியையும் கெடுக்கின்றன. பின்னால் வரும் மேக்ரோபேஜ் அணுக்களோ மடிந்தவற்றை விழுங்கித் துப்புரவு செய்கின்றன. அது நடக்காமல் புண் ஆறாது.

அப்படியானால் வெள்ளை அணுக்களைத் தடுத்துவிட்டால் என்ன? அறிஞர்களும் இப்படித்தான் எண்ணினார்கள். அவை இரத்தக்குழாயில் ஒட்டாமல் தடுக்கும் என்லிமோமாப் என்ற மருந்தை 625 நோயாளிகளிடம் சோதித்த முடிவு 2001இல் வெளியானது. மருந்து பெற்றவர்களே அதிகம் நலிந்தார்கள். மாறாக, 2019இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிகளில் கண்டது வேறு. இரண்டு வாரங்களுக்குப் பின் மூளையில் திரளும் ஒருவகை டி-அணுக்கள் வடு மிகாமல் அடக்கி, உடல் தேறத் துணைசெய்தன.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று பொடி வாங்கிக் கொடுப்போரிடம், பழைய ஆசிரியன் என்ற முறையில், ஒரு கேள்வி: எந்த அணுவை, எந்த நாளில் கூட்டப்போகிறீர்கள்?

இன்னொன்று. மூளையில் அணுக்கள் இப்படிக் கொதித்திருக்க, உடலின் மற்றப் பகுதிகளில் எதிர்ப்பாற்றல் அந்த முதல் நாள்களில் தளர்ந்துபோகிறது. நோயாளிக்கு விழுங்கவும் வராது. வாயில் ஊட்டியது நுரையீரலில் இறங்கினால் நிமோனியா காய்ச்சல்தான். முன்கூட்டியே கிருமிக்கொல்லி மருந்து கொடுத்துப் பார்த்த இரு பெரிய ஐரோப்பிய ஆய்வுகள் 2015இல் வெளிவந்தன. நோயாளிகள் தேறுவதில் அதனால் முன்னேற்றம் இல்லை.

ஆகவே, மருத்துவமனைக்குப் பிரசாதம் கொண்டுசெல்லும் நம் தொண்டர்களுக்குச் சொல்கிறேன். திருநீறு பூசுங்கள். தீர்த்தத்தைத் தலையில் தெளியுங்கள், வாயில் விடாதீர்கள். விழுங்கும் சோதனை முடிந்ததா என்று தாதியரிடம் கேளுங்கள். கட்டிலில் என்.பி.எம். என்று எழுதியிருந்தால் ஒரு கரண்டித் தண்ணீரும் ஆகாது.