குளிர்நாட்டு வீட்டின் இரு குழாய்கள்



நமது பழைய வீடுகளின் அடுப்படியைச் சற்று நினைத்துப் பாருங்கள். விறகடுப்பின் மேலே புகைக்கூடு ஒன்று இருக்கும். அது இல்லாத வீட்டிலும் கூரைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி இருக்கும். அடுப்பு எரிவதற்கு வேண்டிய காற்று எவ்வழியால் வருகிறது என்று நம்மில் எவரும் கேட்டதில்லை. கதவையும் யன்னலையும் இறுக அடைத்துக்கொண்டு, உள்ளே நெருப்பை வைத்து வாழவேண்டிய தேசத்திலோ இக்கேள்வி உயிரைத் தொட்டு நிற்கிறது. கடந்த மார்கழி விடுமுறையில், கனடாவின் ரொறன்ரோ நகரில் ஸ்காபரோப் பகுதியிலுள்ள என் தங்கையின் வீட்டிலே இதனை அறிந்துகொண்டேன்.

அவ்வீட்டின் நிலவறையில் வாயு உலை ஒன்று உண்டு. இயற்கை வாயுவை எரித்து, அவ்வெப்பத்தாற் காற்றைச் சூடாக்கி, தகரக் குழல்களின் வழியே அறைதோறும் அனுப்புவது அதன் வேலை. முற்கால உலைகளின் புகை மிகுந்த சூட்டுடன் இருந்தமையால் தானாகவே மேலெழுந்து புகைபோக்கியாற் சென்றுவிடும். அதனோடு வெப்பத்திலும் ஒரு பங்கு வீணாகும். இக்கால உலை நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் வெப்பத்தைப் பிழிந்தெடுத்துக்கொள்கிறது. எஞ்சும் கழிவுவாயு ஆறிவிடுவதால் அதிலுள்ள நீராவி நீராகிறது. ஆறிய வாயு தானாக மேலெழாது. எனவே சிறு விசிறியொன்று அதனைச் சுவரைத் துளைத்துச் செல்லும் பிளாஸ்ரிக் குழாயால் வெளியே தள்ளுகிறது. எரிவதற்கு வேண்டிய காற்றை மற்றொரு குழாய் வெளியிலிருந்து உள்ளே கொணர்கிறது.

நான் சென்ற மூன்றாம் இரவு பனி கொட்டியது. விடியுமுன் உலை நின்றுபோயிற்று. மைத்துனர் மண்வெட்டியுடன் வீட்டின் பக்கச் சுவரை நோக்கி ஓட, நானும் போர்வையோடு பின்தொடர்ந்தேன். குழாய்கள் இரண்டின் வாய்களும் பனிக்குள் புதைந்து கிடந்தன. அவை நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்திலும் இருக்கவில்லை! காற்றோட்டம் தடைப்பட்டதை அழுத்தத்தால் உணரும் ஆளியொன்று உலையில் உண்டு. அதுவே உலையை நிறுத்தியிருக்கிறது. குளிரில் நடுங்கிய நாங்கள் அந்த ஆளிக்கு நன்றி சொல்லவேண்டியவர்களே.

மறுநாள் சான்றிதழ் பெற்ற தொழில்நுட்பவியலாளர் ஒருவர் வந்தார். ஒன்ராறியோவில் அத்தகையோரே வாயு உலையில் கைவைக்கலாம். ஆசிரியத் தொழிலின் குணம் என்னை விடவில்லை. அருகில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். குழாய்வாய், எதிர்பார்க்கும் பனிமட்டத்துக்கு மேலே குறைந்தது 12 அங்குலம் நிற்கவேண்டுமாம். வெளியேற்றும் குழாய் உலையை நோக்கி அடிக்குக் கால் அங்குலம் சரிந்திருக்க வேண்டும். இல்லையேல் உள்ளே ஊறும் நீர் தாழ்ந்த இடத்திலே தேங்கி வழியை அடைக்கும், வாயிலே வழிந்தால் உறைந்துவிடும். அந்நீர் அமிலத்தன்மை உடையது. அதற்கெனத் தனி வடிகால் வேண்டும். கழிவுவாயுவை உள்வாங்கும் குழாய் மீண்டும் இழுத்துவிடாதபடி இரு வாய்களுக்கும் இடைவெளி விடவேண்டும். யன்னலுக்கு அண்மையிலும் வைத்தலாகாது. ஒவ்வொரு முழங்கை வளைவும் குழாயின் நீளத்தைக் கூட்டியதற்குச் சமம். உலையைச் செய்தவர் விதித்த மொத்த நீளத்தை அது மீறக்கூடாது. சாதாரணத் தண்ணீர்க் குழாய் உதவாது. இதற்கென்றே சான்று பெற்ற குழாயும் அதற்குரிய பசையும் வேண்டும். முன்னர் இவற்றைப் பொருத்தியவர் சரிவைச் சரியாகவே வைத்திருந்தார். உயரத்தை மட்டும் கோடைகாலக் கண்ணோடு பார்த்துவிட்டார் போலும்.

மூட்டொன்று கசிந்தாலென்ன என்று கேட்டேன். அவர் புன்னகை மறைந்தது. காற்றுப் போதாமல் எரியும் நெருப்பிலிருந்து காபனோரொட்சைட்டு பிறக்கிறது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக அதனைப் பற்றிக்கொள்கிறது. தலைவலியும் சோர்வும் வரும். தூக்கத்திலிருப்பவர் விழிக்காமலே போய்விடலாம். 2008ஆம் ஆண்டு மார்கழியில் அதே மாகாணத்து வூட்ஸ்ரொக் நகரில், வாயு எரியும் கணப்பொன்றின் புகைவழி அடைபட்டதால் தாய், தந்தை, பிள்ளைகள் இருவர் என ஒரு குடும்பமே மாண்டது. அத்தாய் காவற்றுறை உத்தியோகத்தர். அதன் பின்னரே படுக்கையறைகளின் அருகே இவ்வாயுவை அறிவிக்கும் அபாயமணி இருக்கவேண்டுமென்ற சட்டம் பிறந்து, 2014இல் நடைமுறைக்கு வந்தது. நம்மவர் வீடுகளிற் சிலவற்றில், சமையலின்போது தொல்லை தருகிறதென்று புகைமணியின் மின்கலத்தைக் கழற்றி வைப்பதுண்டென்று தங்கை சொன்னாள். இந்த மணியிலும் அவ்வாறு செய்துவிடாதே என்று அவளிடம் சற்றுக் கடுமையாகவே கூறினேன்.

குழாய்கள் இப்போது சுவரோரம் மேலே ஏறி, மார்பளவு உயரத்தில் வளைந்து நிற்கின்றன. கனடாவிலுள்ள உங்கள் பிள்ளைகளோடும் சகோதரரோடும் மாரிகாலத்திலே தொலைபேசியிற் பேசும்போது, குளிர் எப்படி என்று கேட்பீர்கள். உலைக் குழாயின் வாய் பனியில் மூடாமல் இருக்கிறதா, அபாயமணி வேலைசெய்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.