வெள்ளம் வருமுன் நம் மருத்துவ நிலையம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



2005-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 26-ஆம் நாளை மும்பைவாழ் மக்கள் மறப்பதற்கில்லை. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மிட்டி ஆறு கரைபுரண்டது, ரயில்கள் நின்றன. வெள்ளம் வடிந்தபின் எலிக்காய்ச்சல் பரவிற்று. எலியின் சிறுநீர் கலந்த நீர், காலிலுள்ள புண்வழியே உடலிற் புகுவதால் வரும் நோய் அது. ஆகவே, நீர் வடிந்த பிறகே மருத்துவ நிலையத்தின் வேலை பெருகுகிறது.

அந்நேரம் நிலையமே கெட்டுக் கிடந்தால் யாது பயன்? 2001 ஜனவரி 26-இல் நேர்ந்த பூகம்பத்தில் பூஜ் நகரின் பொது மருத்துவமனையே இடிந்து வீழ்ந்ததை நாடறியும். காப்பாற்ற வேண்டிய இடம் முதலில் தான் தப்ப வேண்டும்.

நம் சங்க மருத்துவ நிலையமோ தரைத்தளத்தில் இரண்டு அறைகள். அதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை, முன்யோசனை வேண்டும்.

முதலாவது, மருந்துகளும் பதிவேடுகளும் உயர்ந்த தட்டுகளுக்கு ஏற வேண்டும். பதிவேட்டின் நகல் மேல்மாடி வீடொன்றில் இருத்தல் நன்று. இரண்டாவது, மின்சாரம் நின்றால் இன்சுலினைக் காக்கக் குளிர்பெட்டியும் பனிக்கட்டியும் வேண்டும். ஆனால் மருந்து பனிக்கட்டியில் படலாகாது. உறைந்த இன்சுலின் உதவாது. மூன்றாவது, நீரிழிவு, காசநோய் முதலியவற்றுக்கு நாள்தோறும் மருந்துண்போர் எந்த மாடியில் உள்ளனர் என்ற பட்டியல் வேண்டும். நான்காவது, குளோரின் மாத்திரை, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், கட்டுத்துணி ஆகியவை ஜூன் பிறக்குமுன் சேர வேண்டும். நனைந்த மருந்தை எறிந்துவிட வேண்டும், உலர்த்தி வழங்கலாகாது.

ரயில்வேயில் விபத்து நிவாரண மருத்துவ வண்டி எந்நேரமும் புறப்படச் சித்தமாய் நிற்கிறது. விபத்தில்லா நாளிலும் ஒத்திகை உண்டு. நம் நிலையத்துச் சாவியோ ஒருவரிடம் மட்டுமே இருக்கிறது. அவரும் மே மாதம் ஊருக்குப் போய்விடுகிறார்! இனிச் சாவி மூவரிடம் இருக்கட்டும். நம்மிற் பலர் ஊர் செல்லுமுன், ஏப்ரலிலேயே ஒத்திகை நடக்கட்டும்.

வெள்ளம் மொழி பார்த்து வருவதில்லை. அண்டை வீட்டு மராத்தியரும் குஜராத்தியரும் நம் கதவைத் தட்டுவர். அது திறந்திருத்தல் வேண்டும். இவ்வாண்டு விருந்தில் ஒரு பாயசம் குறைந்தாலும் குற்றமில்லை. அப்பணத்தில் குளிர்பெட்டி வாங்குவோம்.