தடுப்பூசியும் தவக்குலும்

 

 

குழந்தை, அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்திருக்கும் அமானிதம். ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளவர் குறித்து விசாரிக்கப்படுவார் என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் போதனை. பிள்ளையின் உடல்நலமும் அப்பொறுப்பில் அடங்கியதே.

வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் நான் கண்டவரை, நம் தாய்மார்கள் தடுப்பூசியை வெறுப்பவர்கள் அல்லர். ஆனால் எந்த ஊசி எந்த நோய்க்கு என்று கேட்டால், "நர்சம்மா வரச் சொன்னார்கள், போனோம்" என்பதே பலரின் பதில். காரணம் அறியாமல் செய்யும் காரியம் சிறு அச்சத்திலேயே நின்றுவிடும். ஒன்றரை மாத ஊசிக்குப் பின் குழந்தை காய்ச்சலால் இரவெல்லாம் அழுதால், "அடுத்தது வேண்டாம்" என்கிறார் பாட்டி. தடுப்பூசி அட்டை பீரோவுக்குள் போய்விடுகிறது.

2017 பிப்ரவரியில் புதுச்சேரி, தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து இடங்களில், 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. வாட்ஸ்அப் வழியே வதந்திகள் பரவின. ஜும்ஆவுக்குப் பின் ஒரு தந்தை என்னிடம் வந்து, போடலாமா என்று கேட்டார். "டாக்டரைக் கேளுங்கள்" எனக் கூறி நகர்ந்துவிட்டேன். மிம்பரில் நின்று தெளிவுபடுத்தியிருக்க வேண்டும். அன்று செய்யத் தவறியதை இன்று செய்கிறேன்.

பிறந்தவுடன் போடப்படும் பி.சி.ஜி., காசநோயின் கொடிய வடிவங்களிலிருந்து காக்கிறது. 6, 10, 14 வாரங்களில் போடப்படும் பென்டாவேலன்ட் ஊசி தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ், மஞ்சள் காமாலை–பி, ஹிப் கிருமியால் வரும் நிமோனியா, மூளைக்காய்ச்சல் ஆகியவற்றுக்கு எதிரானது. 9 மாதம் நிறைந்ததும் தட்டம்மை–ரூபெல்லா. 16 மாதத்திற்குப் பின் மறுமுறை.

ஏன் இத்தனை முறை? மதரஸாவில் பிள்ளை ஒருமுறை ஓதிய பாடத்தைத் திரும்ப ஓதாவிட்டால் மறந்துவிடுகிறதல்லவா? உடலும் அப்படியே. முதல் ஊசி நோயை அடையாளம் காட்டுகிறது; அடுத்தவை அதை உறுதியாக்குகின்றன. ஊசிக்குப் பின் ஓரிரு நாள் வரும் காய்ச்சல் பெரும்பாலும் உடல் அப்பாடத்தைக் கற்பதன் அறிகுறியே. காய்ச்சல் நீடித்தாலோ வலிப்பு வந்தாலோ தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

பிள்ளைப்பேறு தடைபடும் என்று அஞ்சுவோரே! கருவுற்ற முதல் மாதங்களில் ரூபெல்லா தாக்கினால், சிசுவின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். நாளை தாயாகப் போகும் நம் பெண்மக்களுக்கு இவ்வூசி அரண்.

"எல்லாம் விதிப்படி நடக்கும், ஊசி எதற்கு?" என்பாரும் உளர். ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியதை அறிந்து உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே திரும்ப முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) வினவியபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதியின்பால் செல்கிறோம் என்ற கருத்தில் விடையளித்தார்கள். முயற்சியைக் கைவிடுவது தவக்குல் ஆகாது. ஹஜ்ஜுக்குச் செல்லும் ஹாஜிகளும் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டே புறப்படுகிறார்கள்.

உத்தரப் பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்து பற்றிய வதந்தியால் நம் சமுதாயத்துப் பிள்ளைகள் பலர் கால் முடங்கினர். பின்னர் ஆலிம்கள் பள்ளிவாசல்களிலிருந்தே அழைப்பு விடுத்தனர். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்ட பாதிப்பே இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் இந்நாட்டில் ஏற்பட்ட கடைசி பாதிப்பு. 2014 மார்ச் 27 அன்று நம் நாடு போலியோ அற்றதாகச் சான்று பெற்றது. அல்ஹம்துலில்லாஹ்!

தந்தையரே! இது தாயின் வேலை மட்டுமன்று. ஊசி போடும் நாளில் ஒரு வேளை கூலியை விட்டேனும் உடன் செல்லுங்கள். இன்றிரவு அட்டையை எடுத்துப் பாருங்கள். தவணை தவறியிருந்தால் வெட்கப்பட வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சுகாதார நிலையங்களில் இவை இலவசமே.

யா அல்லாஹ்! எங்கள் சந்ததியருக்கு ஆரோக்கியத்தையும் நீண்ட ஆயுளையும் தந்தருள்வாயாக! உன் அமானிதத்தைப் பேணும் பெற்றோராக எங்களை ஆக்குவாயாக! ஆமீன்.